தண்டையார்பேட்டைச் சத்தத்துக்கு ஆடாசிட்டி போதுமா? நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் வீடியோவுக்குப் பேசிப் பதியும்போது கூடவே சேரும் இரைச்சலை நீக்க, ஒலியைத் திருத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும், ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் அல்ல. ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தம் ஒரு வகை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி அடிக்கும் ஏர் ஹாரன், கொருக்குப்பேட்டையைத் தாண்டும் கும்மிடிப்பூண்டி வண்டியின் ஊதல், தெருவில் மீன் விற்கும் குரல் என வந்து போவது இன்னொரு வகை. ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சலைக் குறைக்கும் கருவி) முதல் வகைக்கானது. ஹாரனை அதில் போட்டு அழுத்தினால் ஹாரனும் போகாது, பேச்சும் கெடும். அந்த வரியை மறுபடி பேசிப் பதிவு செய்வதுதான் வழி.

மென்பொருளுக்கு முன்னால் மைக். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. வேகத்தை ஒரு நம்பர் குறைத்து, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒயர் காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாணுக்குள் குத்துங்கள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், ஃபேன் சத்தம் இருந்த இடத்திலேயே நிற்கும். இவ்வளவு சுத்தமான 6 டெசிபலை எந்த ஃபில்டரும் தராது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மைக் ஒயரின் முனையில் உள்ள செருகியைப் பாருங்கள்: போனுக்கானதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. மாற்றிச் செருகினால் போன் எதுவும் சொல்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொள்ளும். பத்து நொடி பதிந்து, மைக் தலையை விரலால் தட்டி, அந்தத் தட்டல் பலமாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சார்ஜரையும் கழற்றிவிடுங்கள், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் 'உம்ம்' பல சமயம் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

பதியும்போது பேசுவதற்கு முன் ஐந்து நொடி சும்மா இருங்கள். எடிட்டிங்கில் இந்த ஐந்து நொடிதான் மூலதனம். வீடியோவின் ஒலியை 48,000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3 வேண்டாம், கோப்பின் தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்து உதட்டசைவு தள்ளிப்போகும். ஆடாசிட்டியில் முதலில், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர்: ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100. தூரத்து லாரிகளின் 'கும்' என்ற அதிர்வில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். அடுத்து அந்தச் சும்மா இருந்த நொடிகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் புரொஃபைல், அதாவது இரைச்சலின் மாதிரி, எடுங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதே கருவியில் குறைக்கும் அளவு 6 முதல் 9 டெசிபல், சென்சிடிவிட்டி 4 முதல் 6, ஸ்மூத்திங் 3. ஒரேயடியாக 20 வைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். போதவில்லை என்றால் புதிதாகப் புரொஃபைல் எடுத்து, இன்னொரு முறை 6 வையுங்கள்.

அளவு சரியா என்று பார்க்க 'ரெசிட்யூ' பொத்தான் இருக்கிறது. நீக்கப்படப் போவதை மட்டும் அது ஒலிக்கவைக்கும். அதில் சொற்கள் புரிந்தால் நீங்கள் குரலையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். இந்தப் பொத்தானைத் தொடாமலே பலர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது வருத்தமாக இருக்கிறது.

குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸரைக் கடைசியில் போடுங்கள். முன்னால் போட்டால் குரலோடு இரைச்சலும் ஏறி, புரொஃபைல் பிசகிவிடும்.

வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் இருக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் இதே வேலையைச் செய்யும், கோப்பை வெளியே எடுக்கும் சிரமம் இல்லை. குரலைத் தனியே பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசொலேஷன் மட்டும் கட்டணப் பதிப்பில். இணையத்தில் ஏற்றித் திரும்ப வாங்கும் ஏஐ சேவைகள் வேகமானவைதான். ஆனால் இரைச்சல் குரலை மிஞ்சினால் பேசாத அசைகளையும் அவை உண்டாக்கும். ழகர ளகரச் சொற்களைக் காதால் கேட்டுச் சரிபார்க்காமல் வெளியிடாதீர்கள்.

எதிரொலி இரைச்சல் அல்ல, நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு அது அடங்காது. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் பேசுபவருக்குப் பின்னால் மெத்தையை நிறுத்தி, எதிரில் கனமான போர்வை இரண்டைக் கொடியில் தொங்கவிடுங்கள்.

காசிமேடு துறைமுகத்தில் எடுப்பதென்றால் மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு உறை கடற்காற்றுக்குத் தாங்காது. ரோம உறை வேண்டும். காற்று மோதி ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டுப் பதிந்தால் பின்னால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அங்கே என்ஜின் சத்தத்தை முழுக்க நீக்கவும் வேண்டாம். பேச்சு இல்லாத 30 நொடிச் சூழல் ஒலியைத் தனியாகப் பதிந்து வைத்து, வெட்டிய இடங்களுக்கு அடியில் மெல்லியதாகப் போடுங்கள், ஒட்டு தெரியாது.