பாக்கு மட்டையா, கரும்புச் சக்கையா?

2019 ஜனவரி 1 அன்று தமிழகத்தில் பிளாஸ்டிக் தட்டுகளுக்குத் தடை வந்ததும், மாற்றாக இரண்டு தட்டுகளுக்கு மவுசு கூடியது. (வாழை இலை தனி ராஜாங்கம், அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.)

தொழில் தொடங்குபவருக்குப் பாக்கு மட்டையே எளிது. உதிர்ந்த மட்டையை ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு தயார். பசை வேண்டாம், ரசாயனம் வேண்டாம்; ஒரு கொட்டகையும் மின் இணைப்பும் போதும். மழைக்காலத்தில்தான் தலைவலி. ஈரம் தங்கிய மட்டையில் பூஞ்சை பூத்துவிடும். ஒரு கட்டைப் பிரித்தால் ஒன்று தடிமனாகவும் அடுத்தது மெலிந்தும் இருக்கும். ஏற்றுமதியை நம்பியவர்களுக்கு 2025இல் பெரிய அடி விழுந்தது: பாக்கிலுள்ள அரெகோலின் போன்ற, உடலுக்குக் கெடுதலான பொருள்கள் உணவில் கலக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தத் தட்டுகளை ஏற்க மறுத்தது.

சக்கைத் தட்டு அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் வரும், அடுக்கினால் இடம் அடைக்காது. பார்சல் கடைக்காரர்கள் விரும்புவது இதைத்தான். ஆனால் கூழாக்கி வார்க்க ஆலையே வேண்டும். சக்கையும் சும்மா கிடைப்பதில்லை: சர்க்கரை ஆலைகள் அதை எரித்து மின்சாரம் எடுக்கின்றன, கரூர் மாவட்டத்திலுள்ள அரசுக் காகித ஆலை அதில் காகிதம் செய்கிறது.

உள்ளூர்ப் பந்திக்கு என் ஓட்டு மட்டைக்கே. சென்ற மாதம் ஒரு விருந்தில் கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றினார்கள். சக்கைத் தட்டு நெகிழ்ந்து, பாதி ரசம் என் வேட்டியில்.