ட்ரெய்லர் கூரைக்குக் "காற்றோட்டம்": 780 டொலருக்கு இரண்டு பிளாஸ்ரிக் மூடிகள்

முகாம் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள், கூரைக்குக் காற்றோட்டம் அமைத்துத் தருகிறோம் என்று எவராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பழுதுபார்க்கும் நிலையம் எங்களிடம் 780 டொலர் வாங்கிக்கொண்டு, கூரையில் இரண்டு பிளாஸ்ரிக் மூடிகளைத் திருகி அனுப்பிவிட்டது. மூடிகளுக்குக் கீழே துளையே இல்லை.

கோடையில் எங்கள் ட்ரெய்லரில் ஒரு குறையும் தெரியாது. இலையுதிர்காலத்தில் அல்கோன்குயின் பூங்காவில் தங்கினால்தான் தொல்லை. இரவு முழுவதும் சூடாக்கி ஓடும். விடிந்து பார்த்தால் உட்கூரையின் திருகாணித் தலைகளில் நீர் முத்து முத்தாக நிற்கும். கூரையில் பொருத்திய குளிரூட்டியைச் சுற்றிலும் மஞ்சள் கறை படர்ந்தது. நிலையத்தின் மேலாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கூரை இடைவெளியில் காற்று அடைபட்டிருக்கிறது, வீட்டுக் கூரைக்கு வைப்பதுபோல் இரண்டு துவாரங்கள் வைத்தால் சரியாகிவிடும்" என்றார். மதிப்பீடு 650 டொலர்.

முழுப்பொய் என்றால் அங்கேயே திரும்பி வந்திருப்போம். வீடுகளுக்கு அப்படி ஒரு விதி உண்மையாகவே இருக்கிறது. கனடாவின் கட்டட விதிகளின்படி, வெப்பக்காப்பிட்ட உட்கூரைப் பரப்பில் 300இல் ஒரு பங்கு காற்றுத்துவாரமாக இருக்கவேண்டும். சரிவு குறைந்த கூரைக்கு 150இல் ஒரு பங்கு. ஆனால் வீட்டில் காற்று இறவாரத்தின் அடியில் நுழைந்து முகட்டருகே வெளியேறுகிறது. ட்ரெய்லர் கூரையின் உள்வெளி நடுவில் சில அங்குலம், ஓரங்களில் அதனினும் குறைவு; அதிலும் பெரும்பகுதியைக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. கீழிருந்து காற்று நுழைய வழியில்லை. கணக்கும் உதைக்கிறது. 30 அடி நீளம், 8 அடி அகலம் என்றால் 240 சதுர அடி. 300இல் ஒரு பங்கு என்று கொண்டாலும் சுமார் 115 சதுர அங்குலத் துவாரம் வேண்டும். இரண்டு அங்குலத் துளை ஒன்றின் பரப்பு மூன்று சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். அவர்கள் ஒழுங்காகத் துளைத்திருந்தாலும் ஆறு சதுர அங்குலம்தான் கிடைத்திருக்கும்!

பனி உருகியபோது முன்பு இல்லாத இடத்தில் ஈரம் தெரிந்தது, சரியாக ஒரு மூடிக்குக் கீழே. பல ஆண்டுகள் கூரை வேலை செய்த அயலவர் ஒருவர் ஏணி வைத்து ஏறினார். மூடியைச் சுற்றிப் பூசியிருந்த சிலிக்கன் அவர் நகம் பட்டதுமே தோலாக உரிந்து வந்தது. எங்கள் ட்ரெய்லரின் கூரைவிரிப்பு ஈபிடிஎம் என்ற றப்பர். அதில் சாதாரண சிலிக்கன் பிடிக்காது, அதற்கென்றே செய்த, தானாகப் பரவிச் சமன்படும் பூச்சுதான் வேண்டும். மூடியைக் கழற்றியவர், "தம்பி, இதற்குக் கீழே ஓட்டையே இல்லையே" என்று கூப்பிட்டார். விரிப்பு முழுதாக இருந்தது. திருகாணிகள் இறங்கிய இடத்தில் மட்டும் நீர் புகுந்து, அடியிலிருந்த மரச்சீவல் பலகை ஊதிப்போயிருந்தது. காற்றுக்கு வழி திறக்கவில்லை, தண்ணீருக்குத் திறந்துவிட்டார்கள்.

கேட்கப் போனோம். றப்பர் வழியாகவே ஆவி மெல்ல வெளியேறும் என்று மேலாளர் கூசாமல் சொன்னார். "அப்படியென்றால் மற்ற இடத்து றப்பரால் ஏன் வெளியேறவில்லை, மூடி எதற்கு?" என்று என் மனைவி கேட்டாள். அவர் கணினித் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மதிப்பீட்டைவிட 130 டொலர் கூடியதற்குக் காரணம் "கூடுதல் பூச்சு" என்று பில்லில் இருந்தது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மதிப்பீட்டுக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி வாங்க இடம் தருவதில்லை. எங்கள் கணக்கில் உச்சம் 715. படங்களுடன் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்; கடனட்டை நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறோம்.

உண்மையான கோளாறு வேறிடத்தில் இருந்தது. குளிரூட்டியின் உட்புற மூடியைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தால், உட்கூரைப் பலகைக்கும் மேல்கூரைக்கும் நடுவே திறந்த இடுக்கு. அறையின் ஈரக்காற்று அதன்வழியே ஏறிக் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகியிருக்கிறது. ஈரம் எங்கிருந்து என்றால், மூச்சு, குளியல், சமையல். அடுப்பும் சூடாக்கியும் எரிக்கும் புரோப்பேன் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 1.6 லீற்றர் தண்ணீர் ஆவியாக வருகிறது. சூடாக்கியின் புகை தனிக்குழாயில் வெளியே போய்விடும். அடுப்பினுடையது அறைக்குள்தான் சுற்றும். அயலவர் அந்த இடுக்கை அலுமினிய ஒட்டுநாடாவால் அடைத்தார். சமைக்கும்போது கூரை விசிறியை ஓடவிட்டு, எதிர்ப்பக்கச் சன்னலை ஒரு விரலளவு திறந்து வைக்கிறோம். திருகாணித் தலைகள் இப்போது காய்ந்திருக்கின்றன.

இதற்குப் பிறகும் கூரைத் துவாரம் வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள். வட்டமாகத் துளைக்கும் ரம்பத்தால் கூரையைத் துளைத்தால், ஒரு பக்கம் றப்பர் ஒட்டிய வட்டப் பலகைத் துண்டு கட்டாயம் வெளியே வரும். மூடிக்கு ஒரு துண்டு. காசு கொடுக்கும் முன் அந்தத் துண்டுகளைக் கேட்டுக் கையில் வாங்குங்கள்.