கேரவனும் எர்த் லீக்கேஜும்: டர்பனிலிருந்து ஆறு வருட அனுபவம்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் எங்கள் கேரவனை 2019-இல் பழையதாக வாங்கினோம். இந்த ஆறு வருடத்தில் டயர் ஒரு முறை மாற்றியிருக்கிறேன், கூரையில் ஓர் ஒழுகலை அடைத்திருக்கிறேன். என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது கட்டைவிரல் அளவு சுவிட்ச் ஒன்றுதான். நம் ஊரில் ஈ.எல்.சி.பி., ஆர்.சி.சி.பி. என்று சொல்வதை இங்கே தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் எர்த் லீக்கேஜ் என்கிறார்கள். அது ஏன் அடிக்கடி விழுந்து கரன்டை நிறுத்துகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கேரவன் வைத்திருக்கும் வேறு தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லைவ் கம்பியில் போகும் கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் இருந்தால், நடுவில் எங்கோ எர்த்துக்கோ ஒரு மனித உடம்புக்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்போது இந்தச் சுவிட்ச் விழுந்து கரன்டைத் துண்டிக்கும். இங்கே அதற்கான அளவு 30 மில்லிஆம்பியர். ஆனால் சரியாக 30-இல்தான் விழும் என்று நினைக்காதீர்கள். 15-க்குக் கீழே விழக்கூடாது, 30-இல் கட்டாயம் விழ வேண்டும். இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். அதனால்தான் கேரவன்களை நிறுத்தித் தங்கும் ஒரு பார்க்கில் ஒழுங்காக ஓடும் கேரவன் இன்னொரு பார்க்கில் விழுகிறது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவர்களுடைய அவுட்லெட் 5 மில்லிஆம்பியர் வாக்கிலேயே விழும். மின்சாரமும் 120 வோல்ட். நம்முடையது 230.

கேரவன் பார்க்குகளில் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும், அதாவது ஒரு கேரவன் நிற்கும் இடத்துக்கும், ஒரு பெட்டி இருக்கும். அதில் நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட். வீட்டு முற்றத்தில் சோதிக்க வேண்டுமென்றால், ஒரு முனையில் நீலமும் மறுமுனையில் பெரிய மூன்று குச்சி பிளக்கும் உள்ள ஒரு அடாப்டர் வேண்டும். அந்தப் பெரிய பிளக் நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் மாட்டுவதேதான். இங்கே கெட்டிலுக்கும் அதுதான்.

எங்கள் பிரச்சினை 2021 ஏப்ரலில் தொடங்கியது. கொரோனா ஊரடங்கில் ஒரு வருடத்துக்கும் மேலாக கேரவன் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. டர்பன் ஈரப்பதம் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெற்குக் கடற்கரையில் ஒரு பார்க்கில் மாட்டினோம். இருபது நிமிடத்தில் விழுந்தது. தூக்கிவிட்டேன், கெட்டில் போட்டதும் விழுந்தது. கெட்டிலை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். பார்க் ஆளிடம் சொல்லி ஸ்டாண்டையே மாற்றிக்கொண்டேன். சில நாள் விழாது, சில நாள் நிற்கவே நிற்காது. மழை நாளில் அதிகம்.

அப்போது பக்கத்து ஸ்டாண்டில் இருந்த ஒருவர், அடாப்டருக்குள் எர்த் கம்பியைக் கழற்றிவிடுங்கள், விழாது என்றார். உண்மைதான், விழாது. அதுதான் ஆபத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கேரவனின் உடம்பு அலுமினியத் தகடு, நிற்பது ரப்பர் டயரில். எர்த் கம்பி போய்விட்டால் ஒழுகும் கரன்ட் போக இடமில்லாமல் அந்தத் தகட்டில் காத்திருக்கும். ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நிற்கும் குழந்தை கதவைத் தொடும்போது குழந்தைதான் எர்த் கம்பி. எர்த் லீக்கேஜ் அப்போது விழும், விழ வேண்டும்; ஆனால் அந்த அடியை வாங்கிக்கொண்ட பிறகுதான்.

எங்களுக்கே இப்படி ஒன்று நடந்தது. யாரும் கழற்றவில்லை, அடாப்டருக்குள் எர்த் கம்பி தானாகவே ஸ்க்ரூவிலிருந்து நழுவியிருந்தது. குளித்துவிட்டு வந்த என் மகள், "அப்பா, கைப்பிடி கிள்ளுது" என்றாள். நான் தொட்டுப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பெட்டியில் பிளக்கைப் பிடுங்கினேன். உலோகத்தைத் தொட்டு லேசாகச் சுள்ளென்றால் அதைப் பழகிப்போன விஷயமாக விடாதீர்கள். முதலில் பிடுங்குங்கள், அப்புறம் தேடுங்கள்.

சரி, எங்கள் எர்த் லீக்கேஜ் விழுந்த கதைக்கு வருவோம். துப்பு கிடைத்தது 2022-இல். ஜூன் கடைசியில் லோட் ஷெடிங் ஸ்டேஜ் ஆறு என்று அறிவித்தார்கள், ஒரே நாளில் பல தடவை பவர் கட். மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும் பருவம், பள்ளி விடுமுறை, பார்க் நிறைய ஆட்கள். எங்கள் ஃப்ரிட்ஜ் மூன்று விதமாக ஓடும்: கேஸ், 12 வோல்ட் பேட்டரி, 230 வோல்ட். பவர் போனால் கேஸுக்கு மாற்றிவிடுவேன். இரண்டு மூன்று நாள் கழித்து என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள்: பவர் கட் முடிந்து கரன்ட் வந்த உடனே மாட்டினால் விழுவதில்லை, மற்ற நேரத்தில்தான் விழுகிறது.

மாமனார் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை பார்த்தவர். போனில் சொன்னதும் ஒரு நொடி யோசித்தார். "ஃப்ரிட்ஜ் எலிமென்ட்தான் மாப்பிள்ளை. கேஸ் எரியிறப்போ அதுவும் சேர்ந்து காயுது பாருங்க" என்றார்.

விஷயம் இதுதான். இந்த வகை ஃப்ரிட்ஜ் சூட்டால் ஓடுவது; கேஸ் சுடரோ மின் எலிமென்ட்டோ அதன் பாய்லரைச் சூடாக்கும். எலிமென்ட் என்பது ஒரு உலோகக் குழாய், உள்ளே சூடாகும் கம்பி, இரண்டுக்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு தூள். அந்தத் தூள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நனைந்த தூள் வழியாகக் கரன்ட் குழாய்க்கு ஒழுகும். கேஸ் சுடர் அதே பாய்லரைச் சூடாக்குவதால் பக்கத்தில் இருக்கும் எலிமென்ட்டும் காய்ந்து, ஒழுகல் குறைந்துவிடுகிறது. கீசர், கெட்டில் எலிமென்ட்டுகளுக்கும் இந்த ஈரக் குணம் உண்டு.

உறுதிப்படுத்த அவர் தன்னுடைய லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்தார். சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. மில்லிஆம்பியரைத் துல்லியமாகக் காட்டுவது வேண்டும். கூடவே அரை மீட்டர் கேபிள் ஒன்றை அவரே செய்திருந்தார். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெளித்தோலை மட்டும் உரித்து, பழுப்பும் (லைவ்) நீலமும் (நியூட்ரல்) ஒன்றாக, பச்சை மஞ்சள் (எர்த்) தனியாக. கிளாம்ப்பின் வாய்க்குள் பழுப்பையும் நீலத்தையும் சேர்த்து விட வேண்டும். பச்சை மஞ்சளும் உள்ளே போனால் ஒழுகியதும் அதிலேயே திரும்பிக் கணக்கு சரியாகி, மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். அதிகாலைக் குளிரில் மாட்டினோம். 19.3 மில்லிஆம்பியர். ஃப்ரிட்ஜ் பிளக்கை எடுத்தோம். 2.4.

அந்த 2.4 தப்பில்லை. பேட்டரி சார்ஜர், லேப்டாப், டிவி எல்லாவற்றிலும் மின் இரைச்சலை வடிக்கும் ஃபில்டர் உண்டு, அதுவும் கொஞ்சம் கொஞ்சம் ஒழுகும். அவையெல்லாம் கூட்டலில் சேரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கலாம். பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதாது. இதில் நான் மாதக்கணக்கில் ஏமாந்திருக்கிறேன். சுவிட்ச் பெரும்பாலும் லைவை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கருவி அணைந்திருந்தாலும், வேறு கருவி இழுக்கும் கரன்ட் திரும்பும்போது ஒரு பங்கு எர்த் வழியாகப் போய்விடும். கெட்டில் போட்டால் விழுகிறது என்பதற்காகக் கெட்டிலைக் குறை சொல்வது இப்படித்தான். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் கேபிள், அது கேரவனில் செருகும் இன்லெட், உள் வயரிங் என்று பார்க்க வேண்டும். சில பார்க்குகளில் நான்கு ஸ்டாண்டுக்கு ஒரே எர்த் லீக்கேஜ். அங்கே பக்கத்துக்காரர் ஒழுகலும் உங்கள் மேல் விழும்.

2023-இல் பவர் கட்டுக்காக இன்வெர்ட்டர் வைத்தபோது மறுபடி விழ ஆரம்பித்தது. பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டர் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்க வேண்டும், வெளிக் கரன்ட் வந்ததும் அந்த இணைப்பை விட வேண்டும். எங்களுடையதில் இணைப்பு நிரந்தரமாகப் போடப்பட்டிருந்தது. எலக்ட்ரீஷியன் தானாக மாறும் சுவிட்சான ரிலே ஒன்று வைத்துச் சரிசெய்தார்.

சாக்கெட்டில் செருகும் மூன்று விளக்கு டெஸ்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை குறைவு, ஒவ்வொரு பார்க்கிலும் முதலில் அதைத்தான் செருகுகிறேன், எர்த் இல்லாத பெட்டி ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது, சரி என்றே காட்டும். கேபிள் 25 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர். ஆறு வருடமாகக் குறையில்லை. டிரம்மில் சுற்றியபடி ஹீட்டர் போடக்கூடாது, முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். கடற்காற்றில் நீல பிளக்கின் குச்சிகள் பச்சை பிடிக்கும், மாதம் ஒரு முறை துடைக்கிறேன். பிளக்கை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தேன், உள்ளே வியர்த்து நனைந்தது. இப்போது கேபிளைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுகிறேன், மழை நீர் வழியிலேயே சொட்டிவிடுகிறது.

புது எலிமென்ட் 2022 ஆகஸ்டில் போட்டோம். ஃப்ரிட்ஜ் மட்டும் 0.2. கேரவன் முற்றத்தில் நிற்கும் மாதங்களில் வாரம் ஒரு நாள் ஃப்ரிட்ஜை கேஸில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறேன். போன வாரம் மாமா வந்து கிளாம்ப் போட்டார், மொத்தம் 2.6. டெஸ்ட் பட்டனை அழுத்தினார், டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டுவிட்டு டீ கேட்டார்.