ஒரு நாள் விட்டால் பூஜ்ஜியமாம்: ஃபிட்னஸ் பேண்டோடு என் பஞ்சாயத்து

நடையை எண்ணும் ஃபிட்னஸ் பேண்டின் விலை குறைந்துவிட்டதாம். மதினி வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, "நீ கட்டியிருக்கது இதுதானே? வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு மேலாக என் இடது கையில் கிடக்கிறது. திரை எவ்வளவு, பேட்டரி எத்தனை நாள் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும்; அதில் பொய் எதுவும் இல்லை. மழையில் நனைந்திருக்கிறது, சித்திரை வெயிலில் வேர்வையில் ஊறியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. பட்டைக்கு அடியில் அரிக்கும். ராத்திரி கழற்றித் துடைத்துவிட்டுக் கட்டினால் சரியாகிவிடும்.

என் சண்டையெல்லாம் அதிலிருக்கும் ஸ்ட்ரீக்கோடுதான். தினமும் குறித்த அடிகளை நடந்தால் ஓர் எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு நாள் தவறினால் பூஜ்ஜியம். அதற்கு முன்னால் எத்தனை மாதம் விடாமல் நடந்திருந்தாலும் பூஜ்ஜியம்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு துக்க வீடு. காலையில் போய் உட்கார்ந்தவர்கள், எடுத்த பிறகுதான் எழுந்தோம். ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது கை அதிர்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் இன்றைய இலக்கை எட்டிவிடலாமாம், விட்டுவிடக் கூடாதாம். பக்கத்தில் அழுது வீங்கிய முகத்தோடு சித்தி. கழற்றிப் பைக்குள் போட்டேன். மறுநாள் காலையில் பூஜ்ஜியத்தைக் காட்டி, கூடவே மனம் தளர வேண்டாம் என்று ஆறுதல் வேறு.

அதைக்கூட மன்னித்துவிடலாம். போன வருஷம் சார்ஜ் ஏறவில்லை என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். பாகம் சென்னையிலிருந்து வரணும், இன்னைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். அந்த நாட்களிலும் நான் எங்க மதுரைத் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். சரியாகி வந்ததைக் கட்டிக்கொண்டு பார்த்தால், பூஜ்ஜியம். லீவில் இருந்தது அது, ஆப்சென்ட் போட்டது எனக்கு!

இத்தனைக்கும் அது எண்ணுகிற லட்சணம் எப்படி என்று பார்க்க வேண்டும். தெப்பக்குளத்தில் நடப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஒரு பக்கம் ஏறக்குறைய 305 மீட்டர், அடுத்த பக்கம் 290 மீட்டர். கரையை ஒட்டி ஒரு சுற்று வந்தால் 1.2 கிலோமீட்டர் போல வரும், வெளிப்பக்கமாக நடந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். குளம் நகர்வதில்லை. பேண்டின் கணக்கு மட்டும் ஒரு நாள் குறைகிறது, ஒரு நாள் கூடுகிறது. கை அசைவை வைத்து அடியை எண்ணி, நாம் கொடுத்த உயரத்தை வைத்து ஓர் அடி இவ்வளவு நீளம் இருக்கும் என்று ஊகித்துப் பெருக்குகிறது, அவ்வளவுதான். அண்ணா நகர் உழவர் சந்தை, 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த சந்தை, அங்கே இரண்டு கையிலும் காய்ப்பை தொங்க நடந்தால் கை அசையாது. நான் நிற்பதாகவே நினைத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஸ்கூட்டரில் பள்ளம் மேட்டில் குதித்து வந்தால் அதை நடையில் சேர்த்துக்கொள்ளும். சப்பாத்தி மாவு பிசைந்தாலும் அடி ஏறுகிறது. நம்ம ஊர் பரோட்டா மாஸ்டர் யாராவது இதைக் கட்டிக்கொண்டால் கடை அடைப்பதற்குள் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்துவிடுவார்.

பத்தாயிரம் அடி என்ற இலக்குக்கும் பெரிய மருத்துவப் பூர்வீகம் எதுவும் கிடையாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பிரபலமான எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. வாரக் கணக்கு, கவனியுங்கள். துக்க வீட்டுக்குப் போன நாளை வியாழனிலும் சனியிலும் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும், ஒரு புதுப் பழக்கம் தன்னால் நடக்கிற அளவுக்கு ஊற எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. இடையில் ஒரு முறை தவறியதால் பழக்கம் ஊறுவது பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதில் இருக்கிறது. இதைப் படித்த அன்றைக்குப் பேண்டின் மேல் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

எடை? குறைந்தது, மெதுவாக. தினமும் மெஷினில் ஏறிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கறி விருந்துக்கு மறுநாள் உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருக்கிற தண்ணீரே ஒரு கிலோ வரை கூட்டிக் காட்டும், அப்புறம் அதுவாக இறங்கும். இரவல் வாங்கிய எடைக்கெல்லாம் ஏன் கவலைப்பட வேண்டும்? பழைய பிளவுஸ்களைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது டெய்லர் அக்கா கேட்ட கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இனி நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் சத்தமில்லாத அலாரம் ஒன்று இருக்கிறது. விடியற்காலை நாலே முக்காலுக்கு என் கையை மட்டும் அதிரவைத்து எழுப்பும். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் மாமியாருக்குப் பூனை நடந்தாலும் விழிப்பு வந்துவிடும். போன் அலாரம் வைத்த காலத்தில் அவர் எழுவார், அவர் எழுந்தால் விளக்கு எரியும், மாமனார் எழுவார், இரண்டு பேருக்கும் காபி போட வேண்டும். காபி போட்டால் அப்படியே இட்லிக்குச் சட்னி. சட்னி முடிவதற்குள் வெயில் வந்துவிடும், நடை போச்சு. மனஉறுதி பற்றி யார் யாரோ வகுப்பு எடுக்கிறார்கள். என் வீட்டில் தடை அடுப்படி. பேண்ட் வந்த பிறகு இருட்டிலேயே கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பி, பால்காரர் வருவதற்குள் திரும்பிவிடுகிறேன். கோடையிலும் ஐப்பசி மழையிலும் நடை அறுந்துபோகாமல் இருப்பதற்கு அந்த அதிர்வைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இலக்கு, பதக்கம், ஸ்ட்ரீக்குக்கான நெருப்புப் படம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இந்த அலாரத்தை மட்டும் அதே விலைக்கு விற்றாலும் வாங்குவேன்.

மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. ஸ்ட்ரீக்கை அணைக்க வழி செய்தால் நாலாக்குகிறேன்.

மதினி, நீங்க வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல ஷூவா ஒண்ணு எடுங்க. உங்க மாமியார், அதாவது எங்க அம்மா, இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க. போன் அலாரமே உங்களுக்குப் போதும். என்னோடதைக் கேட்காதீங்க, தர மாட்டேன்.