வட இங்கிலாந்தில் வாடகைக் கார்: ஒரு கோத்தகிரி தம்பதியின் அனுபவம்

போன ஆகஸ்ட் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் வட இங்கிலாந்தில் ஒன்பது நாள் வாடகைக் காரில் சுற்றினோம். "டூர் பஸ்ஸிலேயே போயிருக்கலாமே, கார் எதுக்கு?" என்று கோத்தகிரியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பதால் இதை எழுதுகிறேன். பழைய ஊர்களுக்குள்ளே கார் ஒரு தொல்லை, அந்த ஊர்களுக்கு இடையிலே கார் இல்லாவிட்டால் போனதே வீண்.

முதலில் கம்பெனி, பெயர் வேண்டாம். மான்செஸ்டர் ஏர்போர்ட் கவுண்டரில், ஓட்டுபவர் பெயரில்தான் கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்றார்கள். புக் செய்தது வீட்டுக்காரர் பெயரில், கார்டு என் பெயரில். முக்கால் மணி நேரம் பேசிப் பார்த்தும் நடக்காமல், கடைசியில் ஓட்டுநர் நான் என்று மாற்றி எழுதினார்கள். நம்ம ஊர் லைசென்ஸே போதும், சுற்றுலா வருகிறவர்களுக்கு 12 மாதம் வரை செல்லும். வண்டியும் இடது பக்கம்தான் ஓட்டணும், அதனால் கை தானாகப் பழகிவிட்டது. கியர் வண்டியாகக் கேட்டு வாங்கினோம், ஆட்டோமேட்டிக்கை விட வாடகை குறைவு.

யார்க்கில் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நுழையவே நுழையாதீர்கள். ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடு இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். அப்புறம் எல்லாம் நடைதான். கோட்டை மதில் மேலேயே ஏறி நடக்கலாம், காசு கிடையாது. ஷாம்பிள்ஸ் என்று ஒரு சந்து, அந்தக் காலத்துக் கசாப்புக் கடைத் தெரு. மாடிகள் இரண்டு பக்கமும் முன்னால் துருத்திக்கொண்டு, மேலே பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் தெரியும். கறி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் சில கடை வாசலில் இன்னும் இருக்கின்றன, இப்போது உள்ளே விற்பது பொம்மையும் மிட்டாயும். டர்ஹமும் இதே கதை. லண்டனுக்கு முன்பே, 2002இல், உள்ளே வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் கொண்டுவந்த ஊர் அது. கதீட்ரலுக்குப் போகும் தெருவின் அகலத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

கார் காசுக்கு ஈடு கொடுத்தது தெர்ஸ்க் தாண்டி சட்டன் பேங்க் ஏற்றத்தில். நாலுக்கு ஒன்று சரிவு, அதாவது நாலடி போனால் ஓரடி ஏறும்; கேரவன் இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அனுமதியே இல்லை. நம்ம குன்னூர் ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுவதே பன்னிரண்டுக்கு ஒன்றுதான், யோசித்துப் பாருங்கள். ஊட்டி கல்லட்டி ரோடு மாதிரி 36 வளைவெல்லாம் கிடையாது, சின்ன ஏற்றம்தான், ஆனால் முன்னால் போன வண்டி திடீரென்று நின்றதும் பக்கத்து சீட்டில் இருந்தவர் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "பார்த்தும்மா, பார்த்தும்மா" என்று ஆரம்பித்துவிட்டார். "தினமும் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டுறவ நான், சும்மா இருங்க" என்று முதல் கியரைப் போட்டு ஏற்றினேன். பிக்கரிங் தாண்டி விட்பிக்குப் போகும் ரோட்டில் கண்ணுக்கெட்டிய வரை ஊதா, ஹெதர் பூ. நமக்குக் குறிஞ்சி பார்க்க 12 வருடம் காத்திருக்க வேண்டும், அவர்களுக்கு வருடா வருடம் ஆகஸ்ட்டில் பூக்கிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஓரமாக நிறுத்தி, ஃப்ளாஸ்க் டீயும் ஊரிலிருந்து கொண்டுபோன வர்க்கியும் சாப்பிட்டோம். இந்த வர்க்கி பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குக் கடல் நடுவே ரோடு, தினமும் இரண்டு தடவை தண்ணீரில் மூழ்கிவிடும். கடக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பாதி மூழ்கிய காரின் படத்தைப் போட்டு, 'இது நீங்களாகவும் இருக்கலாம்' என்று பலகையே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் புகுந்தால் இன்சூரன்ஸ் கிடையாது என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்ததால் ஒரு மணி நேரம் முன்னாடியே திரும்பிவிட்டோம். 687இல் இறந்த கத்பர்ட் துறவியை முதலில் புதைத்தது இந்தத் தீவில்தான். கடல் வழியே வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளுக்குப் பயந்து 875இல் துறவிகள் அவர் உடலைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ஊர் ஊராக அலைந்து, ஒரு நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் டர்ஹமில் கொண்டுபோய் வைத்தார்கள். அவருக்காகத்தான் அங்கே 1093இல் கதீட்ரல் கட்ட ஆரம்பித்தது. தீவிலிருந்து டர்ஹமுக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது பையன் டேப்லெட்டோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கீறல் ஒன்றும் இல்லை, பெட்ரோல் ஃபுல். சரி என்று கிளம்பினோம். பன்னிரண்டு நாள் கழித்து கார்டில் 45 பவுண்டு பிடித்திருந்தார்கள், சுத்தம் செய்த கட்டணமாம். மெயில் போட்டால் ஒரு போட்டோ வந்தது: பின் சீட்டு மடிப்பில் வர்க்கித் தூள். வர்க்கி சாப்பிட்டால் உதிராதா என்ன? நான் எழுதிய பதிலுக்கு இன்னும் மறுமொழி இல்லை. வண்டிக்கு நாலரை ஸ்டார், கம்பெனிக்கு ஒன்றரை.