மூன்று கிலோ பேஸ் ஆம்போடு ஆறு வருடக் கச்சேரி

ஆறு வருடத்துக்கு முன்னால் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது, சமையல்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த குறுகலான படி வழியாகத்தான் சாமான் எல்லாம் ஏற வேண்டும். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். அப்போது என்னிடம் இருந்தது 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு பழைய காம்போ, அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில், 38 கிலோ. எங்கள் தபலாத் தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம். படி திரும்புகிற இடத்தில் அவன் கை நழுவியது, மொத்தப் பாரமும் என் பக்கம் சாய்ந்தது, இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மூன்று மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வாசித்து முடித்தேன். அதற்கப்புறம் மூன்று வாரம் எந்தக் கச்சேரிக்கும் போக முடியவில்லை. ஆவணி மாதம், வரிசையாக முகூர்த்தம். இனி எடை குறைந்த ஆம்ப்தான் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

வாங்கியது மார்க்பேஸ் லிட்டில் மார்க் 3. இத்தாலியக் கம்பெனி. சென்னையில் ஸ்டூடியோவில் வாசிக்கும் ஒருவர் வேறு மாடலுக்கு மாறியபோது செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். இது ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் மட்டும், 2.9 கிலோ. 4 ஓம் ஸ்பீக்கரில் 500 வாட், 8 ஓம் ஸ்பீக்கரில் 300 வாட் (ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு). தோள்பையில் போட்டுக்கொண்டு திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறேன், மடியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. ஹெட்டின் எடை குறைந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, நாலு பத்தங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு கேபினட்டை விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டேன். ஹெட் மூன்று கிலோ, கேபினட் நாற்பது கிலோ. கேபினட் மட்டுமே பழைய காம்போவைவிட இரண்டு கிலோ அதிகம்! எட்டு மாதம் அதையும் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் ஒரு சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன், அங்கே அது ஒரே இடத்தில் இருப்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதனால் எடை குறைந்த ஆம்ப் தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த ஹெட் என்று அல்ல, எந்தக் கேபினட் என்றுதான். ஹெட்டில் எடையைக் குறைப்பது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை. ஸ்பீக்கர் பெட்டியில்தான் காசும் யோசனையும் போக வேண்டும்.

ஹெட் எப்படி இவ்வளவு இளைத்தது என்று பலர் கேட்கிறார்கள். பழைய ஆம்ப்களில் கனம் முழுக்க டிரான்ஸ்பார்மரில். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த வேகத்தில் நிறைய மின்சாரத்தை மாற்றித் தர வேண்டுமானால் நிறைய இரும்பும் செம்பும் வேண்டும். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடியை எடுத்துக்கொள்ளுங்கள், 300 வாட், 14 வால்வு, ஹெட் மட்டுமே ஏறக்குறைய 39 கிலோ. இப்போது வருகிற ஹெட்களில் இருப்பது ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை, நம் போன் சார்ஜரில் இருக்கிற அதே வகை. கரண்டை முதலில் வினாடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்து ஏற்றி அப்புறம்தான் டிரான்ஸ்பார்மருக்கு அனுப்புகிறது, அதனால் கைக்குள் அடங்குகிற டிரான்ஸ்பார்மரே போதும். கூடவே, ஒலியைப் பெருக்குவதில் கிளாஸ் டி என்கிற முறை. அதில் மின்சாரம் வீணாகச் சூடாவது மிகக் குறைவு, ஆகவே பெரிய அலுமினியத் தகடுகளும் தேவையில்லை.

"எடை இல்லாத ஆம்பில் சவுண்டிலும் கனம் இருக்காது" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இரண்டு வருடம் நானும் இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். வால்வு ஆம்பை அதன் எல்லைக்குத் தள்ளும்போது ஒலி மெல்லத் தடித்து, இலேசாகக் கரகரத்து, காதுக்கு நிறைவாக வரும், அது உண்மை, என் ஹெட்டில் அது கிடையாது. ஆனால் பெரும்பாலான நேரம் அவர்கள் குறை சொல்வது சின்னப் பெட்டியை, ஹெட்டை அல்ல. இதே லிட்டில் மார்க்கை அந்த நாற்பது கிலோ கேபினட்டில் மாட்டி வாசித்தபோது யாருமே கனம் இல்லை என்று சொன்னதில்லை.

பெட்டி விஷயத்தில் தப்பிக்க முடியாத ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பீக்கர் உலகில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், அடி ஸ்வரம் ஆழமாக வர வேண்டும், சத்தமும் நிறைய வேண்டும்: இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். நியோடிமியம் காந்தம் வந்தபிறகு ஸ்பீக்கரின் எடை நன்றாகக் குறைந்தது, ஆனால் இந்த விதியை அது மாற்றவில்லை. நான் இப்போது வைத்திருப்பது 12 அங்குல நியோடிமியம் ஸ்பீக்கர் ஒன்று உள்ள 8 ஓம் கேபினட், வீட்டுத் தராசில் 12 கிலோ. அதில் என் நாலு தந்தி பேஸின் திறந்த ஈ தந்தி, 41 ஹெர்ட்ஸ், வயிற்றில் இடிக்கிற மாதிரி வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஸ்வரத்தில் நம் காது பெரும்பாலும் பிடிப்பது அதோடு கூடவே 82 ஹெர்ட்ஸில் எழுகிற, இரண்டு மடங்கு அதிர்வுள்ள துணை ஒலியைத்தான், அது இந்தப் பெட்டியில் தெளிவாக இருக்கிறது. ஐந்து தந்தி வாசிக்கிறவர்கள் மட்டும் பி தந்தியை நன்றாக வாசித்துப் பார்த்து வாங்குங்கள், 31 ஹெர்ட்ஸ் என்பது சின்னப் பெட்டிக்குக் கடினமான வேலை.

வாட் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். 300 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போனால் கூடுவது 2 டெசிபலுக்குச் சற்று அதிகம், கச்சேரி நடுவில் அது காதுக்குத் தெரிவதே சிரமம். சத்தம் இரண்டு மடங்கு ஆனது போலக் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்து மடங்கு வேண்டும். அதே நேரம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு அது தருகிற சத்தம், 3 டெசிபல் அதிகமாக இருந்தால், அது வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கேபினட்டின் விவரத்தாளில் அந்த எண் இருக்கும், கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள்.

இனி கரண்ட். நம்மூரில் கச்சேரி செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா, ராத்திரிக் கச்சேரி, ஜெனரேட்டர் லைன். நான் ஒரு சின்ன மல்டிமீட்டரைப் பேஸ் பையிலேயே வைத்திருப்பேன். மேடைக்குப் பின்னால் இருந்த பிளக்கில் குத்திப் பார்த்தால் 271 வோல்ட். ஓடிப்போய்ச் சொல்வதற்குள் கீபோர்டு அண்ணனின் அடாப்டர் புகைந்துவிட்டது. ஜெனரேட்டர் ஆள் குறைத்துக் கொடுத்தார், 235இல் நின்றபிறகுதான் நான் ஆம்பை மாட்டினேன். இன்னொரு ஊரில் 187. அங்கே பாடகர் பாட ஆரம்பித்ததும் சீரியல் விளக்குகள் மங்கும், பிரகாசமாகும், மறுபடி மங்கும். 200க்குக் கீழே இருந்தாலும் 250க்கு மேலே போனாலும் நான் மாட்டுவதில்லை, மேடை மானிட்டரை (வாசிக்கிறவர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை) மட்டும் நம்பி வாசித்துவிடுவேன். விளக்குகள் எல்லாம் ஏறி, ஜெனரேட்டர் ஒரு நிலைக்கு வந்தபிறகு ஆம்பைப் போடுவது, கச்சேரி முடிந்து ஃபோகஸ் லைட்டுகளை மொத்தமாக அணைப்பதற்கு முன்பே ஆம்பை எடுத்துவிடுவது, இந்த இரண்டும் என் வழக்கம். பெரிய பாரம் சட்டென்று விலகினால் ஜெனரேட்டர் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றாலோ 400ஐ நெருங்கிக்கூடப் போகலாம். ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் கூரைத் தகரத்தில் உரசிக்கொண்டு போகிற ஒயர் என்றால், தயவுசெய்து யாராக இருந்தாலும் முகம் பார்க்காமல் மாட்ட முடியாது என்று சொல்லிவிடுங்கள். போவது ஆம்பாக இருந்தால் பரவாயில்லை, ஆளாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் வாங்கி வருகிறார் என்றால், பின்பக்கம் என்ன வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சில ஆம்ப்கள் 100 முதல் 240 வரை தானாகவே ஏற்றுக்கொள்ளும், சில 120க்கு மட்டும். 120 மாடலை இங்கே நேராக மாட்டினால் அன்றோடு சரி.

சவுண்டுக்கு வருவோம். இந்த ஹெட்டில் அடி, நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான நாலு ஈக்யூ குமிழ் தவிர விபிஎஃப், விஎல்இ என்று இரண்டு குமிழ் இருக்கிறது. விபிஎஃப்பைத் திருப்பினால் நடு ஒலி, சுமார் 380 ஹெர்ட்ஸ் பக்கம், குழியாகும், அடி ஒலியும் மேல் ஒலியும் தூக்கலாகும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அவ்வளவு அழகாக இருக்கும். ரிதம் பேடும் தபலாவும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் காணாமல் போய்விடும். முதல் ஆறு மாதம் இதைப் புரிந்துகொள்ளாமல் வால்யூமை ஏற்றிக்கொண்டே இருந்தேன். இப்போது மேடையில் அந்தக் குமிழ் பூஜ்யத்தில்தான். விஎல்இ வேறு, அது மேல் ஒலியைச் சீவி எடுக்கும். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டுகளுக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தால் விரல் உரசுகிற சத்தம் அடங்கி, பேஸ் உருண்டையாக வரும். ராஜா சார் பாட்டு வந்தால் உடனே குறைத்துவிடுவேன். அங்கே பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும், ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாட்டை வாசித்ததற்கே அர்த்தமில்லை.

நம் மண்டபங்களில் தரை டைல்ஸ், சுவர் மொட்டை, மேலே தகரக் கூரை. அடி ஒலி உருண்டு உருண்டு திரும்பி வரும். லோ குமிழைக் கொஞ்சம் குறைத்து மிட் ஹையைக் கொஞ்சம் ஏற்றினால் தெளிந்துவிடுகிறது. பலகை அடித்த மேடை என்றால் மேடையே மத்தளம் மாதிரி அதிரும், அதற்கு நான் ஒரு பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துக் கேபினட்டுக்கு அடியில் போடுகிறேன். முன்னால் மைக்கில் ஏறிக்கொண்டிருந்த உறுமல் அதோடு நின்றது. முடிந்தால் கேபினட்டைப் பின்னுக்குச் சாய்த்து வையுங்கள், ஒலி முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும், வால்யூமைப் பாதியாகக் குறைக்கலாம்.

ஏனென்றால் மேடையில் இருக்கிற ஆம்ப் நமக்கும் பக்கத்தில் இருக்கும் தபலாவுக்கும்தான். கூட்டத்துக்குப் போவது டிஐ என்கிற நேரடி இணைப்பு வழியாக மிக்சருக்குப் போகிற ஒலி. இந்த ஹெட்டில் டிஐ பின்னாலேயே இருக்கிறது, ஈக்யூவுக்கு முன்னால் எடுப்பதா பின்னால் எடுப்பதா என்று ஒரு ஸ்விட்ச், மிக்சருக்குப் போகும் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஒன்று. ஈக்யூவுக்கு முன்னால் என்று வைத்துவிட்டால், நான் மேடையில் என்ன குமிழைத் திருப்பினாலும் சவுண்டு அண்ணனுக்கு எதுவும் மாறாது, அவரும் நிம்மதி, நானும் நிம்மதி. ஜெனரேட்டர் லைனில் ஊம் என்று இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட்டைத் தட்டினாலே பெரும்பாலும் போய்விடும். எர்த் பின்னை உடைத்து எறிகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஸ்பீக்கர் கேபிளின் பிளக் ஸ்பீக்கான் வகையாக இருக்கட்டும், திருப்பிப் பூட்டினால் யார் கால் இடறினாலும் கழன்று வராது. கிட்டார் கேபிளை அந்த வேலைக்குப் போடக்கூடாது, உள்ளே இருக்கும் கம்பி அவ்வளவு மெல்லியது.

ஆறு வருடத்தில் ஹெட் ஒருமுறைகூட நடுக்கச்சேரியில் நின்றதில்லை. ஃபேன் இருக்கிறது, தூசி சேர்கிறது, வருடத்துக்கு இரண்டு தடவை பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். ஹெட்போன் துளை கிடையாது, ராத்திரிப் பயிற்சிக்கு வேறு சின்னக் கருவி வைத்திருக்கிறேன். ஒரு கவலை உண்டு: பழைய காம்போ பழுதானால் தெருமுனை ரேடியோ மெக்கானிக்கே சரி செய்துவிடுவார், இந்த வகை ஹெட்களில் உள்ளே இருப்பதெல்லாம் அரிசிமணி அளவு பாகங்கள், பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். பெரிய கச்சேரிகளுக்கு நான் உறைக்குள் ஒரு தனி டிஐ பாக்ஸும் கொண்டுபோவது இதற்காகத்தான்.

தனித்தனியாக மாட்டிக் கழற்றப் பிடிக்காதவர்கள் ஃபெண்டர் ரம்பிள் 500ஐப் பாருங்கள், இரண்டு பத்தங்குல ஸ்பீக்கரோடு 16.5 கிலோ, ஒரே சாமான். மேடையில் மானிட்டர் எப்படியும் கிடைக்கும், எனக்குக் காதுக்குக் கொஞ்சம் கேட்டால் போதும் என்கிறவர்களுக்கு காலியன் க்ரூகர் எம்பி 200 மாதிரி ஒரு கிலோ ஹெட்டே ஏராளம். சர்ச்சிலோ ஸ்டூடியோவிலோ ஒரே இடத்தில் வைத்து வாசிக்கிறவர்கள் எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதே காசில் பெரிய பெட்டியாக வாங்குங்கள்.

எனக்கு அடுத்த வேலை, இதே மாதிரி இன்னொரு 8 ஓம் கேபினட். இரண்டும் சேர்ந்தால் 4 ஓம், ஹெட்டின் முழு 500 வாட்டும் வரும், திறந்தவெளித் திருவிழாவுக்கு இரண்டு, மண்டபத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் 4 ஓமுக்குக் கீழே இறங்கிவிடும், அதைச் செய்யக்கூடாது.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த பேஸையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். ஈ தந்தியில் திறந்த ஸ்வரத்திலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக, நல்ல சத்தத்தில், ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். எந்த ஸ்வரமாவது திடீரென்று வீங்குகிறதா, பெட்டி எங்கேயாவது கடகடக்கிறதா என்று காது கொடுங்கள். அப்புறம் கேபினட்டைத் தூக்கிப் பாருங்கள், தரையிலிருந்து ஒரு தடவை அல்ல, பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேபினட்டை ஒரே கையில் பிடித்து, அந்தக் கடையின் மாடிப்படி முழுக்க ஏறி.