டைவ் படகுக்கு எந்தப் பை: வலைப்பையா, ரோல்-டாப்பா?

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு சிலிண்டர் கட்டிக்கொண்டு டைவ் செய்யப் போன முதல் இரண்டு முறையும் ரோல்-டாப் பைதான் கொண்டுபோனேன். வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாத வகை. மூன்றாவது முறை வலைப்பைக்கு மாறினேன். இனி பழையதற்குத் திரும்புவதாக இல்லை.

மூன்றாவதாகப் பிளாஸ்டிக் கூடையும் உண்டு, அது சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்குச் சரி. மடங்காது, விமானத்தில் கொண்டுபோகவும் தோதில்லை. எடையிலும் விலையிலும் மற்ற இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை.

என் முடிவை மாற்றியது ஈரம். டைவ் முடிந்து ஏறும்போது எல்லாமே நனைந்துதான் இருக்கும். தண்ணீரை உள்ளே விடாத பை, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேயும் விடாது. இரண்டாவது பயணத்தில் மழை, அலுப்பு. ஈரச் சாமான்களை அப்படியே சுருட்டி மூடி ஒரு ராத்திரி அறையில் விட்டுவிட்டேன். காலையில் வெட்சூட் (உடம்போடு ஒட்டும் டைவ் உடை) நாறியது. அது பரவாயில்லை. படகில் சிலிண்டரோடு இணைத்து, பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) காற்று ஏற்றும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அழுத்திய பொத்தான் திரும்பி வரவில்லை, காற்று ஏறிக்கொண்டே இருந்தது. அதன் இடுக்கில் உப்பு. குழாயைக் கழற்றி நிறுத்தினேன். இதே கோளாறு 15 மீட்டர் ஆழத்தில் வந்திருந்தால் கட்டுப்பாடில்லாமல் மேலே தூக்கிவிடும், நுரையீரலுக்கே ஆபத்து. தப்பு பையுடையது இல்லை, அலசாமல் விட்ட என்னுடையதுதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்ய அந்தப் பை இடம் கொடுத்தது.

வலைப்பை என்றால் படகிலேயே பாதித் தண்ணீர் வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) தூசி மூடியைத் துடைத்து இறுக்கிவிட்டு, பையோடு நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கலாம். அப்புறம் பிசிடி பொத்தான்களைத் தண்ணீருக்குள்ளேயே நாலு தடவை அழுத்தி விடவேண்டும். ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் இருக்கும், காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை மட்டும் அப்போது தொடக்கூடாது. தண்ணீர் உள்ளே ஏறிவிடும். காயவைப்பது நிழலில்தான், வெயில் ரப்பரைக் கெடுக்கும்.

படகிலும் வலைப்பை வசதி. அடியில் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), அதன்மேல் வெட்சூட், மாஸ்க், எல்லாவற்றுக்கும் மேலே பிசிடியும் ரெகுலேட்டரும்: முதலில் தேவைப்படுவது மேலே. பிசிடியைச் சிலிண்டரில் மாட்டியபின் காலிப் பையைச் சுருட்டிப் பெஞ்சுக்கடியில் செருகிவிடலாம், காலில் இடறாது.

குறையும் உண்டு. மாஸ்க்குக்குத் தனியாகக் கெட்டியான டப்பா வேண்டும். ஆட்டோ சீட் நனையும், ஓட்டுநர் முறைப்பார். நான் ஒரு தார்ப்பாய்த் துண்டு விரித்துக்கொள்கிறேன். போன், துண்டு, மாற்றுத்துணிக்கு 5 லிட்டர் ரோல்-டாப் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. நாள் கணக்கில் படகிலேயே தங்கும் பயணமோ, பெரிய கேமரா தூக்கிப்போகும் பழக்கமோ எனக்கு இல்லை. அப்படிப் போகிறவர்களுடைய கணக்கு வேறாக இருக்கலாம்.

வாங்குவதானால் உலோக ஜிப் வேண்டாம், சுருக்குக்கயிறு உள்ளதைப் பாருங்கள். என் பையில் ஃபின்ஸ் முனை குத்தி அடியில் ஒரு ஓட்டை விழுந்தது. மீன்வலை நூலால் தைத்துவிட்டேன், இதுவரை பிரியவில்லை.